பாதி இலையில் எழுந்த மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மாப்பிள்ளை பாதி இலையில் எழுந்து போய்விட்டார்!

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் விருந்து வைத்தவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அவர் என் தங்கையின் புருஷன். கோழிக் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தவர், திடீரென்று நிமிர்ந்தார். கையைக்கூடக் கழுவாமல் வாசலைத் தாண்டி நடந்தார்.

"குழம்புல உப்புக் கூடிப்போச்சுங்களா?" என்று என் மனைவி பதறினாள். எனக்கோ கோபம். தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த வேட்டி மட்டமோ? வாசலில் நின்று வரவேற்கவில்லையோ? மாப்பிள்ளை முறுக்கு என்றால் சும்மாவா...

தங்கை அழுதுவிட்டாள்.

"கோவமில்லீங்ண்ணா. இப்ப ரயில் கூவுச்சுதுல்ல? அவருக்கு அது மில்லுச் சங்கு ஊதறாட்டம் கேட்டிருக்கும்."

மழை பொய்த்ததால் காட்டு விவசாயத்தை விட்டுவிட்டு, பீளமேட்டில் ஒரு மில்லில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது அவருக்கு. ஒரு நாள் சங்கு ஊதி முடிந்த பிறகு போனாராம். கேட்டைச் சாத்திவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தச் சத்தம் கேட்டாலும் நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்குவதில்லை.

"எலும்பும் தோலுமா ஆயிட்டாருங்ண்ணா. மிசினுக்கிட்ட மயங்கி விழுந்துருவாரோன்னு பயமா இருக்கு."

"எங்கிட்ட ஏன் அம்மணி சொல்லலே?"

"பொண்டாட்டி ஊட்டுல பயந்தாங்கொள்ளின்னு பேரு வாங்கோணுமான்னு தடுத்துப்போட்டாருங்க. அதான்... 'கவலையை விடுங்கள்'னு நீங்க பத்திரிகையில எழுதியிருந்தீங்கள்ல, அதைப் படிச்சுக் காட்டினேன்."

எனக்குக் கொஞ்சம் பெருமை. "அப்புறம்?"

"கவலைப்படறோமேன்னு அதுக்கும் சேர்த்துக் கவலைப்பட ஆரம்பிச்சுட்டாருங்ண்ணா."

வாசகர்களே, அந்தக் கட்டுரையை நீங்களும் படித்திருப்பீர்கள். மன்னித்துவிடுங்கள்.

தேடிப் போனேன். மாப்பிள்ளை தெருக்கோடி வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். கையில் குழம்பு காய்ந்திருந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க மச்சான். ஞாயித்துக்கிழமைன்னு தெரியுதுங்க... கால்தான் கேக்க மாட்டேங்குது."

புத்தி சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, உண்மை முந்திக்கொண்டது.

"ஒண்ணு சொல்றேனுங்க மாப்பிள்ளை, ஊட்டுல சொல்லிப்போடாதீங்க. வாரா வாரம் கட்டுரை அனுப்பற அன்னைக்கு எனக்கும் இதே பயந்தானுங்க. தபால் பெட்டியில போட்டுட்டு, உள்ளே விழுந்துச்சான்னு கையை உட்டுத் தடவிப் பாப்பேன். போன மாசம் கை மாட்டிக்கிச்சு! போஸ்ட்மேன் வந்துதான் எடுத்துவிட்டாரு."

"நெசமாலுமாங்க?"

சிரித்தார். சிரித்தவாறே அழுதார். கேட், சங்கு, மேஸ்திரி என்று எல்லாவற்றையும் கொட்டினார். குறுக்கே பேசாமல் கேட்டேன் — எனக்கு அது புதுப் பழக்கம்.

பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கும், பிரசவத்துக்கு நாள் எண்ணும் பெண்ணுக்கும், மகனின் கடிதத்துக்குக் காத்திருக்கும் கிழவருக்கும் உள்ளே ஒரு சங்கு ஊதிக்கொண்டுதான் இருக்கிறது. 'பயப்படாதே' என்று அதட்டினால் அது நிற்குமா?

வீட்டில் புது இலை போட்டார்கள். பயம் போய்விட்டதா? எங்கே! மறுபடி ஒரு ரயில் கூவியதும் அவர் கை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கும் கேட்டுச்சுங்க. ரயில்தான்" என்றேன்.

கை மெல்லப் பிசைய ஆரம்பித்தது. அந்தக் கவளம் உள்ளே இறங்கும் வரை நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுங்க மச்சான், என்னையாட்டம் நாலு பேர் இருப்பாங்க" என்றார். இந்தக் கட்டுரையைத் தபாலில் சேர்க்கப் போவதும் அவர்தான்.

"நானே கையை உட்டுத் தடவிப் பாத்துட்டு வாரேனுங்க" என்கிறார்!