உப்புப் பூத்த அறுகு

உப்பு மண்ணிலும் மழையில்லாத காலத்திலும் சாகாத புல்லைப் பற்றி என் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். அறுகம்புல் வேரில் ஏறும் உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுமாம். எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் அந்த இலையை எட்டு வயதிலேயே நக்கிப் பார்த்தவள் நான்.

அந்த வருஷம் மழையே இல்லை. வேகவதி ஆறு வெறும் மணல். எங்கள் பசு கன்று போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. புல் கொண்டு வருவது என் பொறுப்பு. எவ்வளவு தூரம் நடந்தாலும் பாதிக் கூடை நிறையாது.

எங்களோடு ஒரே வீட்டில் இருந்த பெரியப்பா பட்டு நூலைச் சோடா உப்புப் போட்டு அவித்துச் சாயம் ஏற்றுகிறவர். அவித்த தண்ணீர் கொல்லைச் சரிவில் இறங்கி அத்தையின் கீரைப் பாத்திப் பக்கம் போகும். அத்தை அவருக்குத் தங்கை. புருஷன் போன பிறகு கொல்லைக் கோடி அறையில் தனியாகப் பொங்கித் தின்றாள். கீரை விற்றுத்தான் ஜீவனம். அண்ணன் வீட்டுச் சோற்றில் ஒரு நாளும் கை நனைத்ததில்லை. பாத்தியைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டி, யாரையும் உள்ளே விடமாட்டாள்.

ஒரு நாள் தட்டியைப் பிரித்துக்கொண்டு நுழைந்தேன். கீரை ஒரு தண்டுகூட இல்லை. வெள்ளையாகப் பூத்துக் கிடந்த மண்ணின் மேல் பச்சைப்பசேலென்று அறுகு.

"இன்னாடி பண்ற இங்க?" கீரைக் கூடையோடு அத்தை நின்றாள். பக்கத்து ஊரான திருப்பருத்திக்குன்றத்தில் வாங்கி வந்து, தன் பாத்திக் கீரை என்று விற்றுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அத்தே, புல்லு உப்பு கரிக்குது! நக்கிப் பாரு."

"நான் இன்னா கன்னுக்குட்டியா?" என்று சிரித்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யார் கிட்டயும் சொல்லாதம்மா. வேணுங்கிறப்ப வா, நானே அறுத்துத் தர்றேன்."

பத்து நாளில் பசு தேறியது. பெரியப்பா மோரைக் குடித்துவிட்டு, "ஊரே காஞ்சி கெடக்குது, நீ மட்டும் எங்க புடிக்கிற புல்ல? கெட்டிக்காரிதான்பா!" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது எனக்கு. சொல்லிவிட்டேன்.

பெரியப்பா தட்டியை விலக்கிப் பார்த்தார்.

"கீரை செத்து எத்தினி நாளாவுதும்மா?"

அத்தை கையிலிருந்த கீரைக் கூடையைப் பின்னால் மறைத்தாள்.

"வாங்கி வித்துக்கினா இருந்த? நாலு பேருக்குத் தெரிஞ்சா எம் மானம் இன்னா ஆவறது? கூடையத் தூக்கிப் போடு. இந்த எடத்துல நூல் அவிக்க இன்னொரு அடுப்பு போட்டுக்கறேன். நீ எங்களோட சாப்ட்டுக்கினு இரு." நல்ல மனசோடுதான் சொன்னார்.

"சரிண்ணா."

மறுநாள் மத்தியானம் அத்தை தன் தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். அம்மா சோறு போட்டாள். அத்தை தலை நிமிராமல் பிசைந்தாள். இனி அத்தைக்கு வெயிலில் அலைச்சல் இல்லை, எல்லாம் என்னால்தான் என்று நினைத்துக்கொண்டு, அவளை ஒட்டி உட்கார்ந்து, என் பங்கு மோரையும் அவள் தட்டில் ஊற்றினேன்.