முறுக்கிச் செய்த குழல்

மாங்குளத்தில் இரும்பு ஒட்டு வேலை என்றால் என் பட்டறைதான். ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் நான். உடைந்த உழவு இயந்திர அச்சு, வெடித்த இயந்திரப் பெட்டி என்று மற்றவர்கள் கைவிட்டதெல்லாம் என்னிடம் வரும். "ஏலாது" என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

போன போகத்தில் உடையார்கட்டிலிருந்து ஒரு விவசாயி வந்தார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தது விக்டோரியா மகாராணி காலத்து வேட்டைத் துவக்கு. தோட்டத்துத் துரை அவருடைய பாட்டனுக்குக் கொடுத்ததாம். பயிர்க் காவல் அனுமதிப் பத்திரத்தோடு கைமாறி இவரிடம் வந்திருந்தது. இரட்டைக் குழல் துப்பாக்கி. பூட்டுத் தகட்டில் ஒரு மான், ரோமம் ரோமமாகச் செதுக்கியிருந்தான் எவனோ வெள்ளைக்காரக் கொல்லன். வலது குழலின் அடியில் மெல்லிய வெடிப்பு.

"அண்ணே, நெல்லு கதிரா நிக்குது. பன்னி வந்து உழுதுட்டுப் போகுது. இத மட்டும் ஒட்டிக் குடுங்க."

"பின்னேரம் வாரும் தம்பி. உமக்காக இல்லாட்டியும் என்ர பேருக்காகச் செய்து தாறன்."

வெடிப்பு எதுவரை ஓடுகிறது என்று பார்க்கத் துருவைத் தேய்த்து, பற்றரி அசிட் தொட்டுத் துடைத்தேன். குழல் முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் எழும்பின, பாய்ப் பின்னல் போல. மகளைக் கைபேசியில் தேடச் சொன்னேன். இரும்பையும் உருக்கையும் அடுக்கி, கயிறாக முறுக்கி, நாடாவாகத் தட்டி, ஒரு கம்பியில் சுருளாகச் சுற்றி, பழுக்கக் காய்ச்சி விளிம்போடு விளிம்பு அடித்திருக்கிறான் அந்த வெள்ளைக்காரக் கொல்லன். நான் ஒட்ட எடுத்த குழலே முழுக்க ஒட்டு. என் நெருப்பைக் காட்டினால் பக்கத்துச் சுற்றின் ஒட்டும் விட்டுப்போகும். பிறகு வெடிமருந்து வெடிக்கிறபோது, கன்னத்தோடு அணைத்திருப்பவரின் கண் போகும்.

பின்னேரம் சொன்னேன், "இதுக்கு இனி மருந்து போடாதேயும். சுவரில மாட்டி வையும்."

"சுவத்துல மாட்டினா பன்னி பயப்படுமா? செய்யத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்கண்ணே."

"எனக்கோ தெரியாது? நேரமில்லை, அவ்வளவுதான்."

"புதுக்குடியிருப்புல நேரம் உள்ள ஆள் இருக்கு" என்று சாக்கைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கலப்பையை எடுத்தேன், வைத்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது. "அப்பா, உப்பிடி நடக்காமல் புதுக்குடியிருப்புக்கு ஒருக்காப் போட்டு வாங்கோவன்" என்றாள் மகள். மோட்டார் சைக்கிளை முறுக்கினேன். வழியில் முன்னால் போன ஒவ்வொரு லொறியும் என்னை மறிக்கவே போவதுபோல இருந்தது.

அங்கே குழலைப் பிடிகருவியில் இறுக்கி, காஸையும் பற்றவைத்திருந்தான் அந்தப் பட்டறைக்காரன். விவசாயி பக்கத்தில் நின்றார். சுற்றிவரத் தேத்தண்ணிக் கோப்பைகளோடு ஆட்கள்.

"ஐயா, மாங்குளத்தில நேரமில்லையாமே?" என்று சிரித்தான்.

முறுக்கு, சுருள், கொல்லன் என்று விளக்கியிருக்கலாம். பொறாமையில் தடுக்க வந்தேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"நேரம் இருந்தது. என்னால ஏலாது" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், குழலைப் பார்த்தான், காஸை நிறுத்தினான்.

"உங்களாலயே ஏலாதெண்டால் எனக்கும் வேண்டாம், ஐயா."

விவசாயிக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்ப ராவைக்குப் பன்னிய யாரு வெரட்டுறது? நீங்க வர்றீங்களா?"

"வாறன். என்ர தொண்டைக்கு யானையே நிக்காது."