கிணற்றைச் சுற்றிய பாதை

கணித ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து பிழை பார்ப்பவரைத் தூங்கவிடாதது கண்ணுக்குத் தப்பிய பிழை அல்ல, தானே செய்த திருத்தம். இந்த வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

பதினோரு பக்கங்கள்

கலைச்செல்வி எண்ணூர் பக்கம் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவள். ஏழு வருட ஆய்வு. நடுவில் ஓட்டையுள்ள ஒரு வளையத்தில் ஒரு துகள் சுற்றுகிறது. காந்தப்புலம் ஓட்டைக்குள் மட்டும். துகள் போகும் வழியில் துளியும் இல்லை. ஆனாலும் துகளுக்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றல்களின் பட்டியல், அதாவது கணித வழக்கில் ‘ஆபரேட்டரின் நிறமாலை’, இடம் மாறுகிறது என்பது அவள் தேற்றம்.

வழியில் புலமே இல்லையே, சமன்பாடுகளில் ‘ஏ’ என்ற காந்த உறுப்பு எதற்கு? எம்.எஸ்ஸி. படித்து, ஒரு காலத்தில் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்த கர்வத்தில் பதினோரு பக்கங்களில் அதை அடித்து நீக்கினேன். அவள் நகத்தைக் கடித்தாள்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர். திங்கக்கெழம ஒப்படைக்கணும், இதுக்கு மேல டைம் கெடையாது.”

சிமெண்ட் மூடி

சனிக்கிழமை பிற்பகல் மீதிப் பக்கங்களை வாங்கத் திருவொற்றியூரில் அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தின் நடுவே, தரையோடு தரையாக, வட்டமான சிமெண்ட் மூடி. பழைய கிணறு. கலைச்செல்வியின் அண்ணன் ஏழு வயதில் அதில் விழுந்து இறந்தானாம். அந்த வாரமே மூடிவிட்டார்கள். அவள் பிறப்பதற்கு முன்பு.

அவள் அம்மா காபியோடு வந்தார். குறுக்கே வந்தால் நான்கு எட்டு. மூடியைச் சுற்றி, இடப்பக்கமாகவே வந்தார். கலைச்செல்வியும் அப்படியே. கிளம்பும்போது என் காலும் யாரும் சொல்லாமல் வளைந்து போயிற்று. வாசலில் கிடந்த என் செருப்பு யாருடையதோ போலிருந்தது. அதைக் கவனித்த அம்மா சொன்னார்:

“உள்ள ஒண்ணியும் இல்ல டீச்சரம்மா, மண்ணு போட்டு மூடிக்கீது. ஆனா குறுக்கால நடக்க இன்னாத்துக்கோ காலு வர்ல.”

திரும்ப எழுதியது

ஷேர் ஆட்டோவில் தேரடி தாண்டுவதற்குள் என் தவறு புரிந்தது. ஓட்டையில்லாத இடத்தில்தான் ‘ஏ’யை நீக்கலாம். ஓட்டையைச் சுற்றி வரும் துகள், தான் தொடவே தொடாத ஒன்றைச் சுமந்துகொண்டு திரும்புகிறது. நான் அடித்தது அவள் தேற்றத்தின் உயிரை.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பதினோரு பக்கங்களிலும் ‘ஏ’யைத் திரும்ப வைத்தேன். கலைச்செல்வி பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தாள். துகளின் மிகத் தாழ்ந்த ஆற்றல் பூஜ்யத்திலிருந்து மறுபடி மேலே எழுந்தது. ஒரே விதிவிலக்கு: உள்ளே அடைபட்ட காந்தப்பாயம், அதாவது ஓட்டைக்குள் இருக்கும் புலத்தின் மொத்த அளவு, ஓர் அடிப்படை அளவின் முழு எண் மடங்காக அமைந்தால், வெளியே எந்தத் தடயமும் இருக்காது. அந்த வரியில் அவள் விரல் நின்றது.

“அப்டி அமைஞ்சா வெளிய இருக்கறவங்க நிம்மதியா இருப்பாங்க டீச்சர். எங்க வூட்ல அமையல.”

இத்தனை வருடம் பிழை பார்த்து நான் தேறியது இவ்வளவுதான்: ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று தோன்றும் இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஒருமுறை சுற்றி வர வேண்டும்.