அறிந்தவரை எதுவுமில்லை

சென்ற மாதம் பொங்கோல் வட்டாரத்தில் ஒரு மருந்தகத்தில் என் கணவரைப் பார்த்துக் கத்திவிட்டேன். மகனுக்கு இரண்டரை வயது. காதுவலி, காய்ச்சல். முகப்பில் இருந்த பெண் "டிரக் அலர்ஜி?" என்று கேட்டார். கணவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே "நோ" என்றார். சரியான பதில்தான். மகனுக்கு இதுவரை எந்த மருந்தும் ஒவ்வாமல் போனதில்லை. ஆனாலும், "உங்களுக்கு எப்படித் தெரியும்? என்னைக் கேட்டீங்களா?" என்று நான் போட்ட சத்தத்தில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மகன் அழத் தொடங்கினான். அதற்குள் அந்தப் பெண் கணினியில் நான்கு எழுத்துகளைத் தட்டி முடித்திருந்தார். என்.கே.டி.ஏ.

மருத்துவக் காகிதங்களில் வரும் எழுத்துச் சுருக்கங்கள் எனக்கு மனப்பாடம். ஓ.டி. என்றால் நாளுக்கு ஒருமுறை. பி.டி. என்றால் இருமுறை. பி.ஆர்.என். என்றால் தேவைப்பட்டால் மட்டும். அந்தத் தேவையை யார் தீர்மானிப்பது என்று இரண்டு தடவை கிளினிக்கைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். மருந்துப் பொட்டலத்தின்மேல் எழுதியிருப்பதை மூன்று முறை படிக்காமல் மகனுக்கு ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கமாட்டேன். கொடுத்த பிறகு நான்காவது முறை படிப்பேன். மற்ற எழுத்துகள் எனக்குப் பயத்தைத்தான் தரும். இந்த நான்கு மட்டும் கோபத்தைத் தரும். 'அறிந்தவரை மருந்து ஒவ்வாமை எதுவுமில்லை' என்பது அவற்றின் பொருள். யார் அறிந்தவரை? யாரைக் கேட்டு அறிந்தது? அதை அந்த எழுத்துகள் சொல்வதில்லை. ஒருமுறை அப்படி அறிந்தவளாக நான் இருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது.

நாங்கள் அந்நாளில் ஜாலான் புசார் பக்கம் ஒரு மூவறை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கடல்தாண்டி வந்தவர். பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்தவர். ஆங்கிலம் கொஞ்சம் புரியும், பேச வராது. அதனால் கிளினிக்குக்குப் போனால் அப்பாதான் பேசுவார். டயபெடிஸ்? நோ. ஆஸ்துமா? நோ. ஆப்பரேஷன்? நோ. அலர்ஜி? நோ. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும், அஞ்சலகத்தில் முத்திரை குத்துவதைப் போல. பக்கத்தில் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பேச்சு வேறு யாரையோ பற்றியது என்பதுபோல மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா ஒருமுறைகூட அவர் பக்கம் திரும்பியதில்லை.

"ஒண்ணுக்கு எஸ் சொன்னா இன்னும் பத்து கேப்பாங்க. நோ சொன்னா சீக்கிரம் வீட்டுக்கு வந்துடலாம், லா" என்பார்.

எனக்கு அது பெரிய கம்பீரமாகத் தெரிந்தது. திரும்பித் திரும்பிக் கேட்டுச் சொல்கிறவர்கள் விஷயம் தெரியாதவர்கள். விஷயம் தெரிந்தவர் அப்பா.

ஒருநாள் தேக்கா சந்தையில், மீன்கடை ஓரத்தில் கிடந்த தகரத்தகடு அம்மாவின் பாதத்தைக் கிழித்துவிட்டது. அம்மா மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார். நான்காம் நாள் கால் முழங்கால்வரை சிவந்து வீங்கிவிட்டது. போர்த்திக்கொண்டும் நடுங்கினார். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து உடனே பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். நான் பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். சீருடையைக்கூட மாற்றவில்லை. அப்பா டாக்சியில் எங்களை அவசரப் பிரிவு வாசலில் இறக்கிவிட்டு, அதே டாக்சியில் பிற்பகல் ஷிஃப்டுக்குப் போனார்.

"நீதான் பாத்துக்கணும். நல்லா இங்கிலீஷ் பேசுறல்ல?" என்றார்.

பத்து வயது! இல்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவருக்கு விடுப்புக் கிடைத்திருக்காது. கேட்டுப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. பாருங்கள், இன்றைக்கும் அவருக்காக நானே பதில் சொல்கிறேன்.

அம்மாவை ஒரு தள்ளுபடுக்கையில் கிடத்தித் திரைக்குள் கொண்டுபோனார்கள். ஒரு தாதி கோப்போடு வந்தார். நாங்கள் தாதிகளை மிஸ்ஸி என்போம். அந்த மிஸ்ஸிக்கு மிஞ்சிப்போனால் இருபத்திரண்டு வயது இருக்கும். மலாய்க்காரப் பெண். முதலில் அம்மாவிடம் குனிந்து ஏதோ கேட்டார். அம்மா கண்ணை மூடியபடி முனகியதும் என்னைப் பார்த்தார்.

"கேர்ள், யூ ஸ்பீக் ஃபார் மம்மி, ஆ?"

எஸ் என்றேன். அன்று நான் சொன்ன ஒரே எஸ் அதுதான். டயபெடிஸ்? நோ. ஆஸ்துமா? நோ. ஆப்பரேஷன்? நோ. மிஸ்ஸியின் பேனா என் வாயோடு ஓடி வருவதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

"மம்மி காட் டிரக் அலர்ஜி?"

"நோ."

பேனா நின்றது. "ஷுவர்? யூ ஆஸ்க் மம்மி, லா."

இந்த இடத்தில்தான் நான் செய்ததை மாற்றி எழுத முடியாமல் நிற்கிறேன். அலர்ஜி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு நிலக்கடலை ஆகாது. கேட்கத் தெரியாமல் இல்லை. ஆனால் அம்மாவைப் பற்றி அம்மாவிடமே கேட்டால், எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். அப்பா கேட்டதில்லையே. அதனால் அம்மாவின் பக்கம் குனிந்து, மிஸ்ஸிக்குப் புரியாத தமிழில், "வலிக்குதாம்மா?" என்றேன்.

"ஆமாண்டி, ரொம்ப வலிக்குது" என்றார் அம்மா.

நிமிர்ந்து, "ஷீ சேஸ் நோ" என்றேன்.

மிஸ்ஸி எழுதினார். நான்கு எழுத்துகள். பிறகு வந்த டாக்டர் அவற்றைப் பார்த்தார், மறுபடி கேட்கவில்லை. ஏன் கேட்பார்? கேட்டாகிவிட்டது என்பதற்குத்தானே அந்த எழுத்துகள்? சீருடை போட்ட ஒரு சிறுமி சொன்னது அந்தக் காகிதத்தில் ஏறியதும் மருத்துவம் ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய கட்டடத்தில் தமிழ் பேசும் ஒருவர்கூடவா கிடைத்திருக்கமாட்டார்? தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவின் நெற்றியில் திருநீறு இருந்ததை நானே பார்த்தேன். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நான்தான் இருந்தேனே.

அம்மாவின் கையில் ஊசியைச் செருகி மருந்தை ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மா கழுத்தைச் சொறிய ஆரம்பித்தார்.

"சொறியாதீங்கம்மா, புண்ணாயிடும்" என்றேன்.

அம்மா கண்ணைத் திறந்து, தொங்கிய மருந்துப் பையைப் பார்த்தார். "இது என்ன மருந்துன்னு கேளுடி."

"டாக்டருக்குத் தெரியும்மா."

அதுவும் அப்பா சொல்வதுதான். குரலைக்கூட அவரைப் போலவே வைத்துக்கொண்டேன். அம்மா மறுபடி எதையோ சொல்ல வாயைத் திறந்தார். உதடு தடித்துப்போயிருந்தது. சத்தம் வரவில்லை, இழுப்புத்தான் வந்தது. எனக்குக் கால் நகரவில்லை. கூப்பிடக்கூட இல்லை. மிஸ்ஸி தாமாகத்தான் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். பார்த்த மறுகணம் மருந்துக்குழாயை அடைத்தார், மணியை அழுத்தினார், கத்தினார். ஆட்கள் ஓடிவந்தார்கள். என்னை யாரோ வெளியே தள்ளினார்கள். திரைக்கு அடியில் நிறைய காலணிகள் தெரிந்தன. அம்மாவின் வெறுங்கால்கள் தெரியவில்லை.

அம்மா பிழைத்துக்கொண்டார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் திரைக்கு வெளியே நின்றபோது எனக்கு யாரும் சொல்லவில்லை.

தகவல் போய், அப்பா மாலையில் வேலை உடையோடு ஓடிவந்தார். அம்மா முகம் வீங்கி, மூச்சுக்கு முகமூடி மாட்டிப் படுத்திருந்தார். கண்கள் திறந்திருந்தன. நான் பக்கத்தில் நாற்காலியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று அப்பா கேட்டார். பென்சிலின் வகை என்றார்கள். அப்பா வெடித்தார்.

"பென்சிலினா? என் ஒய்ஃபுக்குப் பென்சிலின் ஆகவே ஆகாது! சின்ன வயசுல ஊசி போட்டுச் சாகக் கிடந்தவ! யாருமே கேக்கலையா?" என்று தமிழில் கத்தி, உடனே ஆங்கிலத்திலும் கத்தினார்.

அவருக்குத் தெரிந்திருந்தது! இதைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. கல்யாணமான புதிதிலேயே அம்மா சொல்லியிருக்கிறார். தெரிந்திருந்தும் ஒவ்வொரு கிளினிக்கிலும் அலர்ஜி நோ, அலர்ஜி நோ என்று முத்திரை குத்தியிருக்கிறார், கேள்வியையே கேட்காமல். அவர் பொய் சொல்லவில்லை, மறந்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். மறக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்க்க என்ன?

கண்ணாடி போட்ட மூத்த தாதி கோப்பை எடுத்து வந்தார். எல்லாரும் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அந்த நான்கு எழுத்துகளின்மேல் விரலை வைத்து மிஸ்ஸியைப் பார்த்தார்.

"யுவர் ரைட்டிங், ரைட்? யூ ஆஸ்க் ஆர் நெவர் ஆஸ்க்?"

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்போது அம்மா என் கையை இறுக்கினார். விரல்கள் வலிக்கும்படி இறுக்கி, தம் பக்கமாக இழுத்தார். மறுபடி இழுத்தார். அம்மா பயந்திருக்கிறார், என்னைத் தேடுகிறார் என்று நினைத்தேன். மற்றக் கையால் அவர் கையைத் தட்டிக் கொடுத்தேன்.

"பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்ல?"

"ஐ நெவர் ஆஸ்க் ப்ராப்பர்லி, சிஸ்டர். சாரி" என்றார் மிஸ்ஸி.

அப்பாவிடமும் சாரி சொன்னார். "சாரி சொன்னாப் போச்சா? உசுரு போயிருந்தா?" என்று அப்பா பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் இரண்டு முறை சாரி சொன்னார். ஓடிவந்து குழாயை அடைத்து உயிரைக் காப்பாற்றியவர் அவர்தான் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. அப்புறம் அவரை நாங்கள் பார்க்கவே இல்லை. வேறு பிரிவுக்கு மாற்றினார்களோ, வேலையே போயிற்றோ.

பெரியவர்களும் மறந்துபோவார்கள் என்று நான் நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். கேட்டதை மிஸ்ஸி மறந்துவிட்டார், நான் தப்பித்தேன். அவர் என் சீருடையைப் பார்த்து, என் அப்பாவின் குரலைக் கேட்டு ஒரு முடிவு எடுத்தார் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொண்ட கெட்டிக்காரப் பெண் என்று உறவுக்காரர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் அம்மா என்னையோ அப்பாவையோ கிளினிக்கில் பேச விட்டதில்லை. "ஐ கேன்னாட் டேக் பென்சிலின்" என்ற ஒரு வாக்கியத்தைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பழகினார். நான் சிரித்தேன். உச்சரிப்பைத் திருத்தினேன். அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஆசை வந்துவிட்டது என்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

போன தீபாவளிக்குச் சில நாள் முன்பு, அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். என் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன்.

"அந்த மிஸ்ஸி என்னைக் கேட்டாங்கம்மா. நான்தான் உங்களைக் கேக்கல."

"தெரியும்" என்றார் அம்மா. கை நிற்கவில்லை. "வலிக்குதான்னு கேட்டே. நான் வலிக்குதுன்னேன். அந்தப் பொண்ணு எதையோ எழுதிச்சு. என்ன எழுதிச்சுன்னு உங்கப்பா கத்தினப்பத்தான் புரிஞ்சுது."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"தொண்டை அடைச்சுக் கெடக்குறேன், எப்படிடி சொல்றது? அதான் உன் கையப் புடிச்சு அந்த இழு இழுத்தேன், சொல்லுடி, சொல்லுடின்னு. நீ என்னடான்னா எனக்குத் தட்டிக் குடுக்குற."

எனக்குக் கோபம்தான் வந்தது. "வீட்டுக்கு வந்தப்புறம் சொல்லியிருக்கலாம்லம்மா? இத்தனை வருஷம்!"

அம்மா அடுப்பைத் தணித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு கோபத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கண்டும் தெரியாமல் இருந்திருக்கிறேனோ என்னவோ.

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். நாளைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு. மறுவாரமே சொல்லியிருந்தா உன்னைக் கையோட கூட்டிட்டுப் போயி அந்தப் பொண்ணு முன்னாடி நிறுத்தியிருப்பேன். இப்ப வந்து எங்கிட்டச் சொல்ற. எனக்கு எதுக்கு?"