முதலாவது மனுதாரர்

ஐயாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை ஒரு வட்டம் கீறியது. 1983 நொவெம்பர் முதற்கிழமை, நெடுந்தீவில், எங்கள் வீட்டு மேசையில். படம் வரையும் கடதாசியை விரித்து நான்கு மூலையிலும் கடற்கரை முருகைக்கல் வைத்தோம். காற்று அப்போதே தொடங்கிவிட்டது.

நான் அவருடைய மகள், படவரைஞர். கொழும்பில் ஒரு திணைக்களத்தில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். அந்த வருடம் தமிழருக்கு எதிராக நடந்த ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தவை கவராயப் பெட்டியும் ஒரு சுருள் கடதாசியும்தான்.

இருநூறு பேர் கையெழுத்து வைக்க இடம் வேண்டும் என்றார் ஐயா. ஒரு பெயருக்கு ஒரு சென்ரிமீற்றர். எட்டு, பன்னிரண்டு, பதினாறு சென்ரிமீற்றர் ஆரையில் மூன்று வட்டங்கள் கீறினால் இருநூற்று இருபத்தைந்து பேர் கொள்ளும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன். அவர் கடதாசி அசையாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒருதரம் கை வழுக்கியது. அதனால் வெளிவட்டம் ஓரிடத்தில் அரை மில்லிமீற்றர் விலகியிருக்கிறது.

வட்டத்தின் நடுவில் அவரே நான்கு வரி எழுதினார். நெடுந்தீவு ஆசுபத்திரியிலிருந்து நோயாளரை ஏற்றிச்செல்ல, எந்தக் காற்றிலும் ஓடக்கூடிய இயந்திரப் படகு ஒன்று வேண்டும். இருபத்தாறு வருடமாக அதே வேண்டுகோள்.

"ஆரிட்டை ஐயா குடுக்கப் போறியள்?" என்று கேட்டேன்.

"எம்.பி.யிட்டை."

"எம்.பி. இப்ப இல்லை. போன மாதம் ஆசனம் பறிபோச்சுது. நீங்கள்தானே பேப்பரிலை வாசிச்சனீங்கள்."

"ஆள்தான் இல்லை. கதிரை இருக்குத்தானே."

நான் கவராயத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

அவருடைய பெயர் அம்பலவாணர். கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி, சீனி நிறுத்துக் கொடுத்தவர். ஒரு துண்டு வரகுக் காணி, இருபது பனை, இரண்டு மாடு. ஊரில் எந்தத் தலைமைப் பதவியும் வகித்ததில்லை. ஆனால் 1947 முதல் ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குச்சாவடியில் வேட்பாளரின் முகவராக இருந்தார். வேட்பாளர்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின. அவர் அதே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குக் காரணம் 1931. அந்த வருடம் யாழ்ப்பாணத்தார் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். எங்கள் தொகுதியான ஊர்காவற்றுறை உட்பட நான்கு தொகுதிகளின் கதிரைகள் மூன்று வருடம் வெறுமையாகக் கிடந்தன. ஐயாவுக்கு அப்போது வயது பத்தொன்பது. பகிஷ்கரிப்புத் துண்டுப் பிரசுரங்களைத் தீவு முழுவதும் நடந்து கொடுத்தவர் அவர்தான். பின்னர் யாராவது அதைப் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவார். மூன்று வருடம் எங்களுக்காகக் கேட்க ஆளில்லாமல் போனதில் தனக்கும் பங்கு இருக்கிறது என்று நினைத்தார். அந்தக் கதிரை இனி வெறுமையாகக் கிடக்கக் கூடாது. அதில் ஒருவர் இருந்து கேட்டால் கிடைக்கும். அவர் நம்பியது அவ்வளவுதான்.

1956இல் வாக்குப் பெட்டியை அரசாங்கப் படகில் ஏற்றினார்கள். முகவருக்கு அதில் இடமில்லை. ஐயா குருசுமுத்துவின் வள்ளத்தில் அதற்குப் பின்னாலேயே போனார். குருசுமுத்து மீன்பிடிகாரர், மாதா கோயிலடி. அவசர நோயாளரை அக்கரைக்குக் கொண்டுபோவதும் அவர்தான். பாதிக் கடலில் அவர் கேட்டாராம்:

"எங்கடை ஆக்கள் சவப்பெட்டிக்குப் பின்னாலைகூட இவ்வளவு தூரம் போறேல்லை. இது எங்கை ஓடப்போகுது, அண்ணை?"

ஐயா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தத் தேர்தலுக்குப் பின் வந்த ஆட்சி சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கியது. எங்கள் உறுப்பினர் எதிர்த்து வாக்களித்தார். எண்ணிக்கையில் எங்கள் பக்கம் சிறியது.

அடுத்த வருடம் வைகாசியில் அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. தென்மேற்குச் சோளகக்காற்று வீசிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் வள்ளம் விட முடியவில்லை. அம்மா தப்பினார். தம்பி தப்பவில்லை. எனக்கு வயது ஏழு. எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவு முடிந்த அன்று ஐயா முதல் மனுவை எழுதினார்.

அதன்பின் வருடத்துக்கு ஒன்றாவது போகும். எம்.பி. சபையில் கேட்டார். அந்தக் கேள்வி அச்சாகியிருந்த ஹன்சாட் என்ற சபைப் பதிவேட்டுப் பக்கத்தை வரவழைத்து ஐயா அலுமாரியில் வைத்திருந்தார். நெடுந்தீவு என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு. பதில், கவனிக்கப்படும் என்பது.

1966இல் திணைக்களம் ஊர்மக்களின் கூட்டு மனு ஒன்று வேண்டும் என்று கேட்டது. அதற்கு முன் படகு அவ்வளவு கிட்ட வந்ததில்லை.

ஐயா வெள்ளைத்தாளில் வரிசையாகக் கோடு போட்டு முதலாவது இடத்தைக் குருசுமுத்துவுக்குக் கொடுத்தார். நோயாளரைக் கொண்டுபோகிறவர் அவர் என்பதால். இரண்டாவதாக ஏரம்புவிடம் கொண்டுபோனார். ஏரம்பு அம்மாவின் தமையன், நிறையக் காணி உள்ளவர், கோயில் மணியகாரர்.

"மச்சான், படகுக்கு ஆயிரம் கையெழுத்து வைக்கலாம்," என்றார் ஏரம்பு. "ஆனால் இதிலை ஆருக்குக் கீழை ஆர் எண்டதைத்தான் பேரப்பிள்ளையளும் பாக்கப் போகினம்."

தாளைக் கிழித்துவிட்டு, ஏரம்புவை முதலாவதாகப் போட்டுப் புதிய தாளோடு கரைக்குப் போனார் ஐயா. குருசுமுத்து கிழிந்த வலையைப் பொத்துவதை நிறுத்தவில்லை.

"கடலிலை முதல் போறது நாங்கள். கடதாசியிலை கடைசியோ, அண்ணை?"

அன்று மாலை ஐயா அகன்ற எனாமல் சாப்பாட்டுக் கோப்பையைத் தாளில் கவிழ்த்துச் சுற்றிவரக் கோடு கீறினார். நான் பள்ளிக்கூட விடுமுறையில் நின்றேன். வட்டத்துக்கு மேல் இல்லை, கீழ் இல்லை. சுற்றிவர நூற்றுப் பதினான்கு பேர் கையெழுத்து வைத்தார்கள். ஏரம்புவும் வைத்தார், குருசுமுத்துவும் வைத்தார். தீவில் எல்லாப் பக்கத்தாரும் ஒரே தாளில் பெயர் எழுதியது அதுதான் முதல் தடவை என்று ஐயா சொன்னார். அந்த ஒரு கிழமை அவர் சிரித்தபடி நடந்தார்.

பதில் சிங்களத்தில் வந்தது. அப்போது தீவில் சிங்களம் வாசிக்கக்கூடியவர் ஒருவரும் இல்லை. உறையில் ஆளின் பெயரும் இல்லை, ஊர்ப்பெயர் மட்டும். தபால்காரர் கேளாமலே எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்.

கடிதம் ஒரு முழுப்பக்கம். ஐயா ஒன்பது வருடமாக மறுப்புக் கடிதங்கள் வாங்கியவர். மறுப்பென்றால் இரண்டு வரி. ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள் என்றால் தருகிறார்கள் என்று அர்த்தம். அவர் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். அது நியாயமான கணிப்பும்தான். தரவு அவ்வளவுதான் இருந்தது. ஏரம்பு பிள்ளையாருக்கு ஏழு தேங்காய் உடைத்தார். மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினார்கள். குருசுமுத்து புதுப்படகைக் கட்டிவைக்க இடம் பார்த்துக் கரையில் இரண்டு மரத்தறி அடித்து இறுக்கினார். கடிதம் வீடு வீடாகப் போய் வந்தது. பிள்ளைகள் முத்திரையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

கடிதத்தில் போட்டிருந்த திகதியிலிருந்து நாற்பத்தோராம் நாள் ஐயா, படகு எப்போது வரும் என்று விசாரிக்க ஊர்காவற்றுறைக்குப் போனார். அங்கே பேக்கரி வைத்திருந்த சிங்களவர் ஒருவரிடம் கடிதத்தைக் காட்டினார். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"படகு தாறது எண்டு இதிலை இல்லை, ஐயா. பேர் எல்லாம் வட்டமா இருக்கு, முதலாவது மனுதாரர் ஆர் எண்டு கேட்டிருக்கு. முப்பது நாளிலை அறிவிக்க வேணும். இல்லாட்டி மனு தள்ளுபடி."

தவணை தப்பினாலும் ஒரு பெயரை அனுப்பிப் பார்க்கலாம் என்று எம்.பி.யின் கந்தோரில் சொன்னார்கள். யாருடைய பெயர்? இரண்டு மாதம் இழுபட்டது. ஏரம்பு விடவில்லை. கரைப்பக்கத்தாரும் விடவில்லை. உம்முடைய பெயரையே போடும் என்று இரண்டு பக்கமும் சிலர் சொன்னார்கள். ஐயா மறுத்தார். போட்டால், இவ்வளவு காலமும் தலைமைக்கு ஆசைப்பட்டுத்தான் அலைந்தான் என்று சொல்வார்கள் என்று பயந்தார். அப்படிச் சொல்லியும் இருப்பார்கள்.

கடைசியில் எல்லாரும் முதலாவது மனுதாரரே என்று எழுதி அனுப்பினார். அதற்குப் பதில் வரவில்லை. அந்த வருடத்து ஒதுக்கீடு முடிந்தது.

1971 மார்கழியில் அம்மாவுக்கு வயிற்றுக்குத்து. குடல்வளரி வீங்கிவிட்டது என்று ஊர் ஆசுபத்திரியில் சொன்னார்கள். வெட்ட வேண்டும், யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோங்கள். வாடைக்காற்று. ஒன்றரை நாள் காத்திருந்தோம். பிறகு குருசுமுத்து தன் வள்ளத்தில் ஏற்றினார். அம்மாவின் தலை என் மடியில். புங்குடுதீவுக் கரை தெரியத் தொடங்கியபோது அம்மாவின் கை விறைத்திருந்ததைக் கவனித்தேன். குருசுமுத்துவும் கவனித்தார்.

"திருப்பட்டே, அண்ணை?"

"ஓம்," என்றார் ஐயா.

அம்மாவின் பெயர் பரிமளம். வயது நாற்பத்தெட்டு.

ஐயா அதன்பின்னும் எழுதினார். பிரதிநிதிகள் சபை தேசிய அரசுப் பேரவை ஆனது. பிறகு பாராளுமன்றம் ஆனது. உறையில் முகவரியை ஒவ்வொரு தடவையும் சரியாக மாற்றினார். 1977 தேர்தலிலும் அதே வாங்கில் இருந்தார். அந்த முறை தனிநாட்டுக்கு ஆணை கேட்டார்கள். ஐயா வாக்களித்துவிட்டு வந்து, தனிநாட்டிலும் இந்தக் கடலை எங்கள் வள்ளத்தில்தான் கடக்க வேணும் என்று சொன்னார். இந்த எம்.பி.யிடமும் மனு போனது.

1983 ஆவணியில் ஆறாம் திருத்தம் வந்தது. பிரிவினையைக் கேட்கமாட்டோம் என்று சத்தியம் செய்யாதவருக்குச் சபையில் இடமில்லை. எங்கள் உறுப்பினர்கள் சத்தியம் செய்யவில்லை. ஒக்ரோபரில் ஆசனங்கள் போயின. பத்திரிகையில் தொகுதிப் பெயர்களை ஐயா ஒவ்வொன்றாக வாசித்தார். ஊர்காவற்றுறை வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அவர்கள் செய்தது பிழை என்று அவர் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்து வட்டம் கீறக் கேட்டார்.

மை காய்ந்ததும் உள்வட்டத்தில் தன் பெயரை எழுதினார். பிறகு என் சிவப்புப் பேனையை வாங்கி அதற்கு நேராக ஒரு அம்புக்குறி போட்டு, முதலாவது மனுதாரர் என்று எழுதினார். பதினேழு வருடம் பிந்தி. நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. மைக்கூட்டை மூடினேன்.

சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் நடந்தார். வயது எழுபத்தொன்று. குருசுமுத்து இரண்டாவதாக வைத்தார். கண் தெரியாததால் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. ஏரம்பு இறந்து நாலு வருடம். அவருடைய மகன் அம்புக்குறியைப் பார்த்துவிட்டு, கிழவருக்கு இப்பதான் ஆசை வெளியிலை வந்திருக்கு என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். ஐயாவுக்குக் கேட்டது. பேனையை நீட்டியபடியே நின்றார். மகன் வைக்கவில்லை. மற்றவர்கள் பலர் மரியாதையாக, எம்.பி. வரட்டும் வைப்பம் என்றார்கள். இளம் ஆட்கள் சிலர் மரியாதை இல்லாமலும் சொன்னார்கள். ஐயாவோடு இருபத்துமூன்று பேர் சேர்ந்தார்கள்.

பத்தாம் நாள் நெஞ்சுநோ என்று படுத்தார். யாழ்ப்பாணத்துக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்று ஊர் ஆசுபத்திரியில் எழுதித் தந்தார்கள். வாடை பலத்திருந்தது. குருசுமுத்து மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"வள்ளம் விடலாம், பிள்ளை. போய்ச் சேர ஏலாது."

இரண்டு இரவும் ஒரு பகலும் அவர் ஐயாவின் கால்மாட்டில் இருந்தார். ஐயாவுக்கு இடையிடையே நினைவு வந்தது. ஒருமுறை என்னிடம், அதைத் தபாலில் போடாதே, நான் கையில்தான் கொடுக்க வேண்டும், திங்கட்கிழமை நீயும் வா என்றார். ஓம் என்றேன். மூன்றாம் நாள் காலை கடல் அடங்கியது. அதற்கு நாலு மணித்தியாலம் முன்பே ஐயா போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். இந்தத் தொகுதிக்கு வரும் மனுவை யாரிடம் கொடுப்பது என்று கேட்டேன். அங்கிருந்த எழுதுவினைஞர் நல்லவர். கதிரை தந்தார். உறையில் இருந்த முகவரியை வாசித்தார். கௌரவ பாராளுமன்ற உறுப்பினர், ஊர்காவற்றுறைத் தொகுதி. இப்போது அப்படி ஒருவர் இல்லை, தங்கச்சி என்றார். எப்போது வருவார் என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றார். வேண்டுமானால் வைத்துவிட்டுப் போகலாம், ஆனால் எந்தக் கோப்பில் போடுவதென்று தெரியவில்லை என்றும் சொன்னார்.

வைத்துவிட்டு வரவில்லை. கையில் கொடுக்கச் சொன்னவர் ஐயா.

மூன்று வட்டம். இருநூற்று இருபத்தைந்து இடம். இருபத்துமூன்று பெயர், ஒரு சிவப்பு அம்புக்குறி. சுருட்டி உறையோடு அலுமாரியில், ஹன்சாட் பக்கத்துக்கு மேலே வைத்திருக்கிறேன். உறை இன்னும் ஒட்டப்படவில்லை.