முகம் வரையாத ஃபாஸில்

நீர்ச்சாயம் தீட்டிய கடதாசி காய்ந்துவிட்டதா என்பதை ஃபாஸில் விரலால் தொட்டுப் பார்ப்பதில்லை. பலகையோடு தூக்கிக் கன்னத்தருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். குளிர் அடித்தால் இன்னும் ஈரம். டிசம்பரில், கண்டிப் பக்கம் திகனயில், ஒரு வானம் காய்வதற்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அதற்குள் கோழிக்குத் தவிடு வைப்பார், கேற்றைத் திறந்து வீதியை இரு பக்கமும் பார்ப்பார், திரும்பி வந்து மறுபடி கன்னத்தைக் கொடுப்பார். பக்கத்து வீட்டில் இதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். "நாநா படத்துக்கிட்ட ரகசியம் கேக்கிறாரு" என்று மதிலுக்கு அந்தப் பக்கம் யாராவது சொல்வது அவருக்கும் கேட்கும்.

வயது அறுபத்திரண்டு. கண்டியில் ஒரு நில அளவைக் கந்தோரில் முப்பது வருடம் காணி வரைபடங்களைப் பிரதி எடுத்தார். அந்தக் காலத்துப் பழக்கத்தில் இன்றும் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டியே இருப்பார். பையில் இரண்டு தூரிகைகள், றப்பர் பட்டி போட்டு. பஸ்ஸில் போகும்போது மடியில் ஜாம் போத்தலில் தண்ணீர். சாயம் குழைப்பது ஓரம் உடைந்த வெள்ளைப் பீங்கான் தட்டில். அது கல்யாணத்துக்கு வந்த பீங்கான். ஒருமுறை அதில் நீலம் ஊறிவிட்டதைக் கண்ட நாளிலிருந்து மனைவி ஹபீலா அதைக் குசினிக்குள் எடுப்பதில்லை.

படத்தைப் பற்றிக் கேட்டால் அதிகம் பேசமாட்டார். "தண்ணிதான் வேல செய்யிது. நான் பாத்துக்கிட்டு இரிக்கிறேன்" என்பார். வெள்ளைச் சாயம் என்று ஒன்றை அவர் வாங்கியதே இல்லை. கொக்கு வேண்டுமா, தேநீர்க் கடை ஆவி வேண்டுமா, வெயில் பட்ட சுவர் வேண்டுமா, அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். கடதாசியே வெள்ளை. முதல் கீறலுக்கு முன்பே எதைத் தொடக்கூடாது என்று தீர்மானித்துவிடுவார். பிறகு மனம் மாறினால் அந்தப் படம் போயிற்று.

தெல்தெனியப் பக்கம் நீர்த்தேக்கம் வற்றும் காலத்தில் தலைகாட்டும், மூழ்கிய ஊரின் பழைய சுவர்கள், தென்னக்கும்புர பாலத்தடியில் துணி காயும் பாறைகள், கண்டிச் சந்தையில் மிளகாய் மூட்டைகள். இவற்றுக்கு நடுவே எப்போதும் ஒரு பெண் நடந்துகொண்டிருப்பாள். குடை பிடித்திருப்பாள், அல்லது பஸ்ஸில் ஏறிக்கொண்டிருப்பாள், அல்லது குனிந்து எதையோ பொறுக்குவாள். முதுகுதான் தெரியும். முக்காட்டின் மடிப்பு, இடப்பக்கம் சற்றுத் தாழ்ந்த தோள், செருப்பைவிட்டு எழும் குதிகால். அது ஹபீலா. முப்பத்தாறு வருடமாக அவள்தான்.

பதினொரு வயதில் பள்ளிக் கொப்பியில் ஒரு முகத்தை வரைந்து வாப்பாவிடம் காட்டினார். வாப்பா இரும்புக்கடை வைத்திருந்தவர். அடிக்கவில்லை. ஆணி நிறுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, "மரம் வரை, மழை வரை, மாடு வரை. மூஞ்ச மட்டும் வுட்டுடு மகன். மறுமையில அதுக்கு உசிர் குடுக்கச் சொன்னா ஒனக்கு ஏலுமா?" என்று கேட்டார்.

"ஏலா வாப்பா. இனி மூஞ்ச வரையமாட்டேன்."

அவ்வளவுதான். வாப்பா மௌத்தாகி, அடக்கி இருபது வருடமாகிறது. சொன்ன சொல் இருந்தது.

ஒவ்வொரு ஜனவரியிலும் மூன்று நாள் வாவிக்கரையிலுள்ள ஒரு மாடி மண்டபத்தில் அவருடைய கண்காட்சி நடக்கும். படங்களைக் கட்டில் விரிப்புகளில் சுற்றி இரண்டு ஓட்டமாக முச்சக்கர வண்டியில் ஏற்றி வருவார். வாசலில் கையெழுத்துப் புத்தகத்தோடு ஹபீலா உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள் முதுகுப் படத்தைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே படிப்பித்து ஓய்வுபெற்ற இரஞ்சிதம் டீச்சர் ஒரு வருடமும் தவறமாட்டார். மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "என்ன ஃபாஸில், இந்த முறையும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லையோ?" என்று கேட்பார்.

"அவசரமாப் போறாங்க டீச்சர்."

"ஓம் ஓம். முப்பது வருசமாப் போகினம். இன்னும் வீடு போய்ச் சேரேல்லை."

ஹபீலாதான் முதலில் சிரிப்பாள்.

அவள் தையல்காரி. மணப்பெண் உடுப்புகள் தைப்பாள். நான்கு வருடத்துக்கு முன்பு ஊசியில் நூல் கோர்க்கும்போது நூல் இருக்கும் இடத்தில் ஊசி இல்லாமல் போனது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார்கள். வலக்கண் முதலில் போனது. இடக்கண்ணின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. எதையும் பார்க்க வேண்டுமானால் தலையைச் சாய்த்து, சாவித்துவாரத்தால் எட்டிப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். மாதாமாதம் கண்டிக்குக் கிளினிக். போன ஓகஸ்டில் அப்படிப் போய்த் திரும்பி வரும் பஸ்ஸில், ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"என்ட மூஞ்ச ஒருக்கா வரைங்க."

ஃபாஸில் மடியிலிருந்த மருந்துப் பையைச் சரிசெய்தார். "எனத்துக்கு?"

"கண்ணாடில பாத்தா நான் பாக்கிற மூஞ்சிதானே தெரியிது. நீங்க பாக்கிற மூஞ்சி எனக்குத் தெரியா. கண்ணு இரிக்கக்குள்ள அதையும் ஒருக்காப் பாத்துட்டா நல்லம்."

"வாப்பாக்குச் சொன்ன சொல் ஒண்டு இரிக்கே ஹபீலா."

"செவத்துல மாட்டச் சொல்லல்ல. நான் பாத்துட்டுத் தாறேன். பொறகு தண்ணில போட்டு எடுங்க. தண்ணியால வந்ததுதானே."

 திகனயில் இறங்கும்போது, "காலேல வெளிச்சத்துக்கு இரிக்கோணும். அசையப்படாது" என்றார்.

"வாய மூடச் சொல்லப்படாது. மத்த எல்லாம் செய்யலாம்" என்றாள்.

காலை எட்டு மணிக்கு ஜன்னலருகே கதிரையைப் போட்டு உட்கார்வாள். பதினொரு கடதாசிகள் வீணாயின. முதலாவது அவருடைய உம்மாபோல் வந்தது. நான்காவதைப் பார்த்துவிட்டு மகள் றமீஸா, "வாப்பா, இது சத்தியமா உம்மா இல்ல. மாமி" என்றாள். அவருடைய தங்கையைச் சொன்னாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். மாமிதான்.

வரையத் தெரியாமல் இல்லை. தோளை வரையச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைவார். முகத்தில் எது எங்கே இருக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இடப்புருவத்தில் ஒரு பழைய தழும்பு, முடி முளைக்காத ஒரு நெல் அளவு. "இது எப்ப?" என்று கேட்டார்.

"ஏழு வயசுல. மாதுளை மரத்துல இருந்து விழுந்த. கலியாணத்தண்டே இரிந்திச்சி."

அன்று அதற்குமேல் அவர் வரையவில்லை. பீங்கானைக் கழுவி வைத்துவிட்டுக் கோழிக்குத் தவிடு வைக்கப் போனார். சிரிப்பதற்கு முன்பு அவளுடைய உதட்டின் வலது ஓரம் கீழே இறங்கும் என்பதும், இறங்கிய பிறகே மேலே போகும் என்பதும் அவருக்கு அந்த மாதங்களில்தான் தெரிந்தது.

பன்னிரண்டாவது படம் டிசம்பரில், மழைவிட்ட ஒரு காலையில், நாற்பது நிமிடத்தில் வந்தது. தழும்பு இருக்கும் இடத்தைத் தொடாமல் விட்டிருந்தார். உதட்டோரம் இறங்கி, மேலே போகப்போகிறது. இன்னும் ஒரு தொடுகை தொட்டால் சேறாகிவிடும் என்று தெரிந்து தூரிகையைக் கீழே வைத்தார். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது.

"முடிஞ்சா?"

"முடிஞ்ச."

"காட்டுங்களேன்."

ஃபாஸில் பலகையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். விளிம்பு சுருண்ட கடதாசி, நாலு பக்கமும் ஒட்டுப் பட்டி. ஒரு படம் மட்டை வெட்டி, கண்ணாடி போட்டு, சட்டத்துக்குள் போன பிறகுதான் படம் என்பது அவருடைய எண்ணம். அதற்கு முன்பு ஒன்றையும் அவர் யாருக்கும் காட்டியதில்லை. வீணானவற்றை மட்டும் றமீஸா பார்த்திருக்கிறாள்.

"கண்ணாடி போட்டுட்டுக் காட்டுறேன். இப்பக் காட்டினா அரகொற."

அவள் கோபிக்கவில்லை. "சரிதான். நானும் ஓரம் அடிக்காம உடுப்பக் குடுக்கமாட்டேன்தானே" என்றாள்.

சட்டம் போடுவது கட்டுகஸ்தோட்டையில் ஷிராஸின் கடையில். ஷிராஸ் படத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். பிறகு, "மதினி திரும்பிட்டாங்க" என்றான். சாதாரணக் கண்ணாடியென்றால் மறுநாளே தரலாம், வெளிச்சம் பட்டால் மினுங்காத கண்ணாடியென்றால் கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை ஆகும் என்றான். ஹபீலாவுக்கு மினுக்கம் ஆகாது. கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் இருக்கிற பார்வையும் கலைந்துபோகும். கிளினிக்கில் டொக்டர் நாள் எதுவும் சொல்லவில்லை. அவர் பேசிய மாதிரியை வைத்து, அடுத்த நோன்பு மாதம் வரைக்கும் பார்வை தாங்கும் என்று ஃபாஸில் தானாக ஒரு கணக்குப் போட்டிருந்தார். "மினுங்காததே போடு" என்றார். கண்காட்சியன்று, மண்டபத்தின் பின்னறையில், வாவிப் பக்க ஜன்னலடியில் வைத்துக் காட்டலாம். அதைவிட நல்ல வெளிச்சம் வேறெங்கும் இல்லை.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. ஹபீலா கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, "ஏன் லைட்டப் போடாம இரிக்கிறீங்க?" என்று கேட்டாள். காலை பத்து மணி. குசினி ஜன்னல் திறந்திருந்தது. வெளியே வெயில்.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். துளிமருந்து, ஊசி, மறுபடி துளிமருந்து. ஐந்தாம் நாள் றமீஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கதவு நிலையைத் தடவிப் பார்த்து, "வந்துட்டோம்" என்றாள். அடுத்த நாள் ஷிராஸ் சட்டம் முடிந்துவிட்டதாகப் போன் பண்ணினான். ஃபாஸில் போய் எடுத்து, பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து அலுமாரிக்குப் பின்னால் வைத்தார்.   சாப்பாட்டு மேசையில் இருவரும் உப்பைப் பற்றியும் கோழியைப் பற்றியும் மட்டும் கதைத்தார்கள்.

கண்காட்சியை விட்டுவிடுவதாக அவர் சொன்னபோது ஹபீலா, "முப்பது வருஷமா நான்தான் வாசல்ல. இந்த வருஷம் மட்டும் ஆரு?" என்றாள்.

முதல் நாள் நாற்பது பேர்வரை வந்தார்கள். கையெழுத்துப் புத்தகத்தில் விரலை வைத்து, "இதுக்குக் கீழ எழுதுங்க" என்றாள். விரல் சில நேரம் எழுதிய வரியின் மேலேயே இருந்தது. வந்தவர்கள் அதற்குக் கீழே எழுதினார்கள். இரஞ்சிதம் டீச்சர் படியேறி வந்து, வழக்கமான கேள்வியைக் கேட்க வாயெடுத்தவர், அவளைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஹபீலா, ஆரெண்டு தெரியுதே?"

"குரல் தெரியிது டீச்சர். போன வருஷத்தவிட மூச்சு வாங்கிறீங்க."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று அவர் படம் எதையும் பார்க்காமலே படியிறங்கிப் போனார்.

நாலரைக்கு மழை பிடித்தது. மண்டபத்தில் அவர்கள் இருவரும் றமீஸாவும் மட்டும்.

"கொண்டுவந்தீங்கதானே?" என்றாள் ஹபீலா.

"எத?"

"வண்டில ஏத்தக்குள்ள ஒண்டு மட்டும் தாள்ல சரசரத்திச்சி. மத்ததெல்லாம் துணி."

அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போய், ஜன்னலடிக் கதிரையில் இருத்தி, தாளைப் பிரித்து மடியில் வைத்தார். அவள் உள்ளங்கையை வைத்தாள்.

"சில்லிண்டு இரிக்கி. கண்ணாடியா?"

"மினுங்காத கண்ணாடி."

"நல்லம்" என்றாள். கையை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கொண்டுபோனாள். மறுபடி கொண்டுவந்தாள்.

ஃபாஸில் சட்டத்தை எடுத்துக் குப்புறப் போட்டார். பென்சில் சீவும் கத்தியால் பின்பட்டியைக் கிழித்தார். ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி, மட்டையைக் கழற்றி, படத்தை உருவி அவள் கையில் கொடுத்தார். அவளுடைய விரல்கள் தையல் தேடும் விரல்கள். கடதாசி முழுவதும் தேடின.

"ஒண்டும் இல்லியே" என்றாள். "வெறும் கடதாசி."

அவர் படத்தை வாங்கி, முதுகுப் பக்கம் தனக்குத் தெரிய ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். மழை வெளிச்சத்தில் முகம் மறுபக்கம் பார்த்தபடி தெரிந்தது. வரைபடம் பிரதி எடுப்பவரின் கை. பின்புறத்தில் பென்சிலால் கோடு கோடாக எடுத்தார். பிறகு தன் சால்வையை நாலாக மடித்து மேசையில் போட்டு, அதன்மேல் படத்தைக் குப்புற வைத்து, தூரிகைக் காம்பின் மொட்டை நுனியால் கோடுகளின் மேலாக அழுத்தி இழுக்கத் தொடங்கினார்.

"வாப்பா, படம் பழுதாகுது" என்றாள் றமீஸா.

அவர் நிறுத்தவில்லை. நெற்றி, புருவம், தழும்பின் இடத்தில் ஒரு புள்ளி, மூக்கு. உதட்டோரத்தில் அழுத்தம் கூடி, கடதாசி நூலளவு கிழிந்தது. திருப்பிப் பார்த்தபோது சாயம் பல இடங்களில் நொறுங்கி, கோடுகள் வெளிறிப் புடைத்திருந்தன. அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்து நெற்றியின் தொடக்கத்தில் வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டார்.

விரல் மெதுவாக இறங்கியது. புருவத்தில் நின்றது. ஹபீலா மற்றக் கையைத் தூக்கித் தன் புருவத்தில் வைத்தாள். பிறகு இரண்டு விரல்களும் சேர்ந்து இறங்கின, ஒன்று கடதாசியில், ஒன்று முகத்தில். கடதாசியிலிருந்த விரல் உதட்டோரத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்து, மற்றது வரும்வரை அங்கேயே நின்றது.