மாதா முக்காட்டு வெளிச்சம்

எங்க அக்கா திண்டிவனத்துல ஜாக்கெட் தைக்கிறவ. கல்யாணம் பண்ணிக்கல. அவ கண்ணுதான் அவளுக்குச் சோறு போட்டுது. அந்தக் கண்ணுல கை வச்ச பாவி நான்.

பக்கத்து மனையில மூணு மாடி எழும்பினதும் அக்கா வீட்டுக்கு வெயிலே இல்லாம போச்சு. மாதாவுக்குப் பூ வைக்கணும்னே நாலு தொட்டியில ஆந்தூரியம் வளர்த்துக்கினு இருந்தா. செடி வாடுறதைப் பார்த்து, விழுப்புரத்துல வேலை செய்யற நான் பெரிய மேதாவியாட்டம் செடி வளர்க்கிற எல்இடி லைட் ஒண்ணு வாங்கிக்கினு போனேன். கம்பெனி பேரே இல்லாத சரக்கு. சிவப்பும் நீலமுமா பளிச்சுனு எரிஞ்சுது. நடுவுல நாலு பல்பு மட்டும் மங்கலா, ஊதாவா. "செத்த பல்பைத் தலையில கட்டிட்டான்"னு கடைக்காரனைத் திட்டினேனே தவிர, அது என்னன்னு யோசிக்கல.

மாதா சுரூபம் இருக்கிற அலமாரி பக்கத்துலயே தொட்டிங்களை வச்சு, மேல லைட்டை மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் மாதாவுக்குப் போட்டிருந்த வெள்ளைத் துணி முக்காடு நீலமா ஜொலிச்சுது. அக்கா அப்படியே முட்டி போட்டுட்டா. "டேய், மாதா மேல ஒளி இறங்குது பாருடா!" எனக்கும் பெருமையாதான் இருந்துது.

கொஞ்ச நாள்ல இலை ஓரமெல்லாம் துரு பிடிச்சாப்புல ஆச்சு. பூச்சின்னு வேப்பெண்ணெய் அடிச்சோம். இன்னும் கருகுச்சு. அக்கா கண்ணும் சிவந்து, மண்ணு விழுந்தாப்புல உறுத்துச்சு. மெட்ராஸ் ஐன்னு சொட்டு மருந்து விட்டோம். கேக்கல. கண்ணு நல்லாவணும்னு அவ நேந்துக்கினு பொருத்தனை வச்சா. எங்க? அந்த மாதா முன்னாடியேதான். தினம் ஒரு செபமாலை சொல்லிக்கினு இருந்தவ மூணு சொன்னா. லைட்டுக்கு நேரா முட்டி போட்டு, அண்ணாந்து அந்த முக்காட்டையே பார்த்துக்கினு. கண்ணு எரிய எரிய செபத்தைக் கூட்டினா. ஐயோ, வாரா வாரம் போன நானும் அதைப் பார்த்துக்கினுதானே இருந்தேன்!

விழுப்புரத்துல எங்க கடையில கள்ளநோட்டு பார்க்கிற மிஷின் ஒண்ணு உண்டு. ஒருநாள் நோட்டைக் காட்டுறப்ப என் வெள்ளைச் சட்டைக் கை அதுக்குள்ள போச்சு. நீலமா ஜொலிச்சுது. அதே நீலம். மிஷின் மேல ஸ்டிக்கர்: புற ஊதா ஒளி, நேராகப் பார்க்காதீர்கள். எத்தனை வருஷமா அதைப் பார்த்துக்கினு இருக்கேன்! அப்போ அந்த நாலு ஊதா பல்பும் செத்த பல்பு இல்ல, இதேதான். அடுத்த பஸ்ஸைப் பிடிச்சேன்.

"அக்கா, லைட்டுல கோளாறு. செபம் பண்றப்பவாவது அணைச்சுடு"ன்னேன்.

"மாதா முன்னாடி விளக்கை அணைக்கிறதா? உனக்கு என்ன பைத்தியமா?"

சரின்னு போட்டோ பிரேம் கண்ணாடியைக் கழட்டி லைட்டுக்கு அடியில கட்டினேன். முக்காடு அப்பவும் ஜொலிச்சுது. அந்த வெளிச்சம் கண்ணாடிக்கு மசியல. மஞ்சள் கண்ணாடிப் பேப்பர் ஒட்டினேன். சூட்டுல சுருண்டு விழுந்துது. பேஜாராப் போய், அந்த நாலு ஊதா பல்பை மட்டும் எடுத்துடலாம்னு ஒண்ணை வெட்டினேன். ஒண்ணு போனா எல்லாமே அணையற மாதிரி கோத்திருக்கான் படுபாவி. வீடே இருட்டாச்சு. கடைசியில சாதா வெள்ளை எல்இடி ஒண்ணை வாங்கி மாட்டினேன்.

கண் ஆஸ்பத்திரியில டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தாங்க. நடுப் பார்வை மங்கியிருக்காம். "லைட்டாலயா வயசாலயான்னு உறுதியா சொல்ல முடியாதுங்க. போனது திரும்ப வராது. இனிமே மோசமாகாம பார்த்துக்கலாம்"னாங்க. லைட்டாலதான்னு சொல்லித் திட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அக்கா தையலை விடல. கை பழக்கத்துல மிஷின் ஓடுது, ஊசி கோக்கத்தான் முடியல. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நான் போய், ஹெம்மிங் பண்ற ஊசியெல்லாம் ஒரு வாரத்துக்குக் கோத்து, கலர் கலரா பழைய தலகாணியில குத்தி வச்சுட்டு வருவேன். ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்ல. இலையெல்லாம் பச்சையா வந்து, செடி பூக்கவும் பூத்துச்சு. ரெண்டு பூவைப் பறிச்சுத் தடவித் தடவி மாதா காலடியில வச்சா.

அன்னிக்கு நான் பச்சை நூலைக் கோத்துக்கினு இருந்தேன். அக்கா அலமாரியையே பார்த்துக்கினு மெதுவா கேட்டா:

"நீ லைட்டை மாத்தினதுலருந்து மாதா மேல இருந்த ஒளி போயிடுச்சுடா. என் கண்ணுக்குத்தான் தெரியலையோன்னு நெனச்சேன். உனக்காவது தெரியுதா?"

முக்காடு வெறும் வெள்ளைத் துணியா இருந்துது.

"தெரியுதுக்கா"ன்னேன்.

"அப்பாடா"ன்னு சொல்லி, அடுத்த ஊசியை எடுத்துக் குடுத்தா.